தவளைக்குச் சளி பிடிக்காதா? ஈரநில விலங்குகளின் படப் புத்தகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்னக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து படப் புத்தகம் பார்ப்பது பல வருடங்களாக என் வேலை. குளம், ஏரி, சதுப்பு, அலையாத்திக் காடு என்று நீரோரத்து விலங்குகள் வரும் புத்தகங்களை எடுத்தாலே பெற்றோரும் புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்விகள்தான். திரும்பத் திரும்பப் பதில் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

ஈரநிலம் என்றால் என்ன என்று குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

"தண்ணீரும் தரையும் ஒன்றாகக் கிடக்கிற இடம்." இவ்வளவு போதும். ஒரு தட்டில் பஞ்சை வைத்துத் தண்ணீர் ஊற்றி, அது குடிப்பதையும் பிழிந்தால் திருப்பிக் கொடுப்பதையும் காட்டினால் சதுப்பு நிலம் என்ன செய்கிறது என்பதும் பாதி புரிந்துவிடும்.

உங்களுக்காக மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சார் நகரில் ஈரநிலங்களைக் காக்க நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதனால்தான் பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். அந்த உடன்படிக்கையின் கணக்கில் ஏரியும் சதுப்பும் மட்டுமல்ல, மனிதர் வெட்டிய குளமும், நெல் வயலும், நீர் வற்றும்போது 6 மீட்டருக்கு மேல் ஆழம் போகாத கடலோரமும்கூட ஈரநிலம்தான். ஆகவே நண்டு, கடலோரப் பறவை வரும் புத்தகத்தையும் தாராளமாக இந்த வரிசையில் சேர்க்கலாம். இதையெல்லாம் நாலு வயதுக் குழந்தையிடம் சொல்லாதீர்கள், எழுந்து ஓடிவிடும்.

சிங்கம், யானை எல்லாம் இருக்க, ஏன் கொக்கும் தவளையும்?

சிங்கத்தின் படத்தைப் பார்த்து அது எப்படிப் பிழைக்கிறது என்று குழந்தை கண்டுபிடிக்க முடியாது. யாராவது சொல்ல வேண்டும். நீரோரத்து விலங்குகள் அப்படியல்ல. உடம்பைப் பார்த்தாலே பிழைப்பு தெரிந்துவிடும். மீன்கொத்தியின் அலகு குத்தூசி மாதிரி நேராக இருக்கிறது, தலைகுப்புறப் பாய்ந்து மீனைப் பிடிக்கிறது. கரண்டிவாயனின் அலகு கரண்டி மாதிரித் தட்டையாக இருக்கிறது, தண்ணீரில் அதைப் பக்கவாட்டில் வீசி வீசித் துழாவுகிறது. அரிவாள் மூக்கனுக்கு வளைந்த அலகு, சேற்றுக்குள் விட்டு நோண்ட. உள்ளானுக்கு உடம்புக்கே பொருந்தாத நீள அலகு, மண்ணுக்குள் இருக்கும் புழுவை அலகு நுனியாலேயே உணர்ந்து எடுக்கும். இலைக்கோழிக்கு விரல்கள் அவ்வளவு நீளம், அதனால்தான் மிதக்கும் இலைமேல் மூழ்காமல் நடக்கிறது.

இதை நீங்கள் சொல்லித் தர வேண்டியதே இல்லை. அலகைக் காட்டி "இதை வைத்து இது என்ன செய்யும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஒருமுறை ஒரு சிறுமி கரண்டிவாயனைப் பார்த்து "இது பாயசம் குடிக்கும்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தண்ணியில மீனை அள்ளும்" என்று அவளே மாற்றிக்கொண்டாள். இந்த விலங்குகளை நான் விரும்புவதற்குக் காரணமே இதுதான்.

எத்தனை வயதில் தொடங்கலாம்?

ஒரு வயதுக்குள்ளேயே கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கையில் கொடுக்கலாம், வாயில்தான் வைக்கும், பரவாயில்லை. இரண்டு வயதில் பெயரும் சத்தமும். மூன்றிலிருந்து "அடுத்து என்ன நடக்கும்?" என்ற கேள்வி வேலை செய்யும். முட்டை, தலைப்பிரட்டை, தவளை என்று ஒரு விலங்கு உருமாறும் கதை உண்மையில் பிடிபடுவது பெரும்பாலும் ஐந்தை ஒட்டித்தான். அதற்கு முன் காட்டக் கூடாது என்றில்லை, புரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம் என்கிறேன்.

எழுத்தில் இருப்பதை அப்படியே வாசிக்க வேண்டுமா?

வேண்டாம். முதல் முறை படம் மட்டும் பார்த்தால்கூடச் சரிதான். குழந்தை ஒன்று சொல்ல, நீங்கள் அதோடு ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ சேர்த்துத் திருப்பிச் சொல்வதுதான் இதில் முக்கியமான வேலை. "கொக்கு" என்று குழந்தை சொன்னால் "ஆமாம், ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு." அடுத்த நாள் அது "ஒத்தக்கால் கொக்கு" என்று சொல்லும். 1988-இல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளரும் அவர் குழுவினரும், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு இப்படிப் பேசிப் படிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து ஒரு மாதம் வீட்டில் செய்யச் சொன்னார்கள். வழக்கம்போல் வாசிக்கக் கேட்ட குழந்தைகளைவிட இந்தக் குழந்தைகள் பேச்சில் முன்னே போயிருந்தார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்ட சில பெற்றோர் ஒவ்வொரு பக்கத்திலும் "இது என்ன நிறம்? இது எத்தனை? இது என்ன?" என்று பரீட்சை வைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். குழந்தை புத்தகத்தை மூடிவிடும், மூடத்தான் செய்யும். ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி, அதுவும் உங்களுக்கே பதில் தெரிய ஆசையாக இருக்கும் கேள்வி. கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு அந்தப் பத்து எண்ணுவதுதான் மிகவும் கஷ்டம்.

ஒரே புத்தகத்தைப் பத்தாவது தடவை கேட்கிறான். வேறு புத்தகத்துக்கு மாற்றலாமா?

அலுப்பு உங்களுக்கு, அவனுக்கில்லை. பத்தாவது தடவைதான் மூலையில் ஒளிந்திருக்கும் நத்தையைக் கண்டுபிடிப்பான். மாற்ற வேண்டாம்.

தவளை சட்டை போட்டிருக்கிறது, ஆமை பேசுகிறது. இப்படிப்பட்ட கதைகள் சரியா?

கதையாக இருந்தால் சரி. சிரிக்கவும் பயப்படவும் இரக்கப்படவும் அவை வேண்டும்தான். விலங்கைப் பற்றித் தெரிந்துகொள்ள என்றால் மட்டும் வேறு புத்தகம் எடுங்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பாட்ரிசியா கனேயாவும் உடன் ஆய்ந்தவர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத விலங்குகளைப் பற்றிய புத்தகங்களை வாசித்துக் காட்டினார்கள். விலங்குகளை மனிதரைப் போல் பேசவும் நடக்கவும் விட்ட புத்தகங்களிலிருந்து குழந்தைகள் உண்மைத் தகவல்களைக் குறைவாகவே எடுத்துக்கொண்டன. நிஜ விலங்குகளுக்கும் மனிதக் குணத்தை ஏற்றிச் சொல்வதும் கூடியது.

என் வழக்கம் இது: கதைப் புத்தகத்தையும் தகவல் புத்தகத்தையும் அடுத்தடுத்துப் படிப்பேன். "அந்தத் தவளைக்குச் சட்டை இருந்தது, இந்தத் தவளைக்கு?" என்று ஆரம்பித்தால் போதும், எது நிஜம் எது விளையாட்டு என்று அவர்களே பிரித்துவிடுவார்கள். ரொம்பக் கறாராக.

படங்களிலேயே தவறு இருக்குமா?

நிறைய. நான் அடிக்கடி பார்ப்பவற்றைச் சொல்கிறேன்.

ஆமை ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போகும். ஓடு அதன் முதுகெலும்போடும் விலா எலும்புகளோடும் ஒன்றான உடல் பகுதி, நாம் முதுகைக் கழற்ற முடியாத மாதிரி அதாலும் முடியாது. நண்டுக்குக் கொடுக்கு போக ஆறு கால்தான் போட்டிருப்பார்கள். கொடுக்கையும் சேர்த்துப் பத்து இருக்க வேண்டும். கூழைக்கடா அலகுப் பையில் மீன்களை நிரப்பிக்கொண்டு பை வைத்திருக்கும் பயணி மாதிரிப் பறக்கும். அந்தப் பை மீனை அள்ளுவதற்கான வலை. தண்ணீரை வடித்துவிட்டு அங்கேயே விழுங்கிவிடும். பூநாரைக் குஞ்சு அம்மாவைப் போலவே சிவந்த இளநிறத்தில் இருக்கும், ஆனால் உண்மையில் குஞ்சு சாம்பல் நிறம். அந்தச் செந்நிறம் பாசியிலும் சின்ன இறால் வகைகளிலும் உள்ள நிறமியால் வருவது, சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் ஏறும்.

இன்னொன்று படத்தின் தவறில்லை, நம் தவறு. பூநாரையின் கால் நடுவில் பின்பக்கமாக மடிவதைப் பார்த்து "முட்டி திரும்பி இருக்கு பார்" என்று நானே வருடக்கணக்கில் சொல்லியிருக்கிறேன். அது முட்டியே இல்லை, கணுக்கால். முட்டி மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. ஒரு பறவை ஆர்வலர் சொன்னபோது வெட்கமாகத்தான் இருந்தது.

தவறான படம் உள்ள புத்தகத்தைத் தூக்கிப்போட வேண்டாம். "இந்தப் படத்தில் ஒரு தப்பு இருக்கு, கண்டுபிடி" என்பதைவிட நல்ல விளையாட்டு இல்லை. நண்டுக்கு இரண்டு காலைப் பென்சிலால் வரைந்து சேர்த்த பையன் அந்த வாரம் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தான். எண்ணக் கற்றுக்கொடுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள்; இதுதான் எண்ணுவது, தனியாக வேறு வேண்டாம்.

தவளையின் வளர்ச்சிப் படம் வட்டமாகப் போட்டிருக்கிறது. குழந்தைக்குப் புரியவே இல்லை.

புரியாதுதான். நாலு படம், நடுவில் அம்பு. நமக்கு அம்பு என்றால் காலம் போகிறது என்று அர்த்தம். குழந்தைக்கு அது நாலு வேறு வேறு பிராணி. வட்டத்தை வெட்டி நீட்டி ஒரே கோடாக வையுங்கள், அல்லது நாலு படத்தையும் தனித்தனி அட்டையில் வரைந்து குழந்தையையே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பக்கத்தில் அதன் சொந்தப் படங்களை, பிறந்தபோது, தவழ்ந்தபோது, இப்போது என்று வைத்தால் இன்னும் நல்லது. "இதுவும் நீதான், இதுவும் நீதான்" என்பதிலிருந்து "இதுவும் தவளைதான்" என்பதற்குத் தாவிவிடுவார்கள்.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். பின்னங்கால்தான் வெளியே முதலில் தெரியும், பிறகு முன்னங்கால். வால் உதிர்ந்து விழுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள்ளேயே கரைந்து போகிறது. பல புத்தகங்களில் இது தவறாக வரும். தலைப்பிரட்டை பெரும்பாலும் பாசி மேய்கிற பிராணி, தவளையானதும் பூச்சி தின்கிறது. சாப்பாடே மாறிவிடுகிறது என்பது குழந்தைகளுக்கு எப்போதும் பெரிய அதிசயம்.

தும்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்ணத்துப்பூச்சி பழகிய குழந்தை "கூடு எங்கே?" என்று கேட்கும். தும்பிக்குக் கூட்டுப்புழுப் பருவமே கிடையாது. தண்ணீருக்கடியில் மாதக்கணக்காக, சில வகைகள் வருடக்கணக்காகவும் இளம்பூச்சியாக வாழ்ந்து, கீழ் உதட்டைச் சட்டென்று நீட்டி இரை பிடித்து, ஒருநாள் செடித்தண்டில் ஏறி முதுகு பிளந்து இறக்கையோடு வெளியே வரும். இறக்கை இல்லாத முரட்டுப் பூச்சியையும் மின்னுகிற தும்பியையும் ஒரே பக்கத்தில் காட்டும் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள்.

மொழிபெயர்ப்புப் புத்தகத்தில் எல்லாப் பறவையும் "கொக்கு" என்று இருக்கிறது. என்ன செய்ய?

இது எனக்கு ரொம்ப நாள் ஆற்றாமை. மூலத்தில் நாலு வேறு பறவைகள் இருக்கும், தமிழில் நாலுமே கொக்கு. கழுத்தைப் பாருங்கள்: பறக்கும்போது கழுத்தை மடக்கித் தோளுக்குள் வைத்துக்கொண்டால் அது கொக்கு, சாம்பல் நாரை கூட்டம். கழுத்தை முன்னே நீட்டிக்கொண்டு பறந்தால் நத்தைகுத்தி நாரை மாதிரியான வேறு கூட்டம்.

நம் மொழிப் பெயர்களே பாடமாக இருக்கும்போது அவற்றை விடுவானேன்? மீன்கொத்தி, முக்குளிப்பான், கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி. பெயரைச் சொன்னாலே அது என்ன செய்யும் என்று குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. பாம்புத்தாராவைப் படத்தில் காட்டி, உடம்பெல்லாம் தண்ணீருக்குள் இருக்கக் கழுத்து மட்டும் வெளியே நீந்தி வருவதைப் பார்க்க வைத்து, "இதுக்கு நீயே பேர் வை" என்றால் பாதிப் பேர் பாம்பு என்ற சொல்லைச் சேர்த்துத்தான் வைப்பார்கள். அச்சிட்ட பெயர் சரியில்லை என்றால் மேலே ஒரு துண்டுத் தாள் ஒட்டிச் சரியான பெயரை எழுதிவிடுங்கள்.

கொக்கு தவளையை விழுங்கும் பக்கத்தைத் தாண்டிவிடலாமா?

தாண்டாதீர்கள். நீங்கள் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டுவதைக் குழந்தை எப்படியும் கவனித்துவிடும், அப்புறம் அந்தப் பக்கம்தான் வேண்டும் என்று நிற்கும். "கொக்குக்குப் பசி, தவளை அதன் சாப்பாடு" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். "தவளையோட அம்மா தேடுமா?" என்று ஒரு பையன் கேட்டான். பெரும்பாலான தவளைகள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், தேடாது என்று உண்மையைச் சொன்னேன். அவனுக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது. சில நாளில் எந்தப் பதிலும் உதவாது.

படத்தில் தும்பியும் நாரையும் ஒரே அளவில் இருக்கின்றன. குழப்பம் வராதா?

வரும், வருகிறது. ஒரு கயிறு போதும். நிற்கும் சாம்பல் நாரையின் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர், நாலு வயதுக் குழந்தையின் உயரமும் அதை ஒட்டித்தான். ஒரு மீட்டர் கயிற்றைச் சுவரில் தொங்கவிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். "ஆனா அது உன்னை மாதிரி கனமே இல்லை, ரெண்டு கிலோகூட வராது" என்று சொல்லி, அந்தக் கனத்தில் ஒரு பையைக் கையில் கொடுங்கள். தன் உயரம் உள்ள ஒன்று இவ்வளவு லேசா என்று முகம் மாறும் பாருங்கள்.

முதலைப் பக்கம் வந்தால் பயந்து ஒளிந்துகொள்கிறாள்.

தாய் முதலை, முட்டையிலிருந்து வந்த குட்டிகளை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும் படம் கிடைத்தால் அதிலிருந்து தொடங்குங்கள். முதலில் "சாப்பிடுது!" என்று கத்துவாள். பிறகு அது அம்மா என்று தெரியும்போது அதே பற்கள் வேறாகத் தெரியும். அதற்காகப் பயத்தை முழுக்கப் போக்கிவிடவும் வேண்டாம், முதலைக்குப் பயப்படுவது நல்லதுதான்.

பையன்களுக்கு வேட்டை விலங்கு, பெண்களுக்குக் குஞ்சும் கூடும் என்று பிரித்துப் புத்தகம் வாங்குகிறோம்...

வேண்டாம். இலைக்கோழியில் அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண்தான்.

குழந்தை கேட்பதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை என்றால்?

தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள், ஆனால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். தலைப்பில் உள்ள கேள்வியை என்னிடம் கேட்டது ஒரு நாலு வயதுக்காரி. மழையில் நனைந்த தவளைப் படத்தைப் பார்த்து, "எப்பவும் ஈரமாவே இருக்கே, இதுக்குச் சளி பிடிக்காதா?" நான் சிரித்துவிட்டேன், சிரித்திருக்கக் கூடாது, அவள் உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். பிறகு தேடிப் படித்துவிட்டு மறுநாள் சொன்னேன்: தவளை தோல் வழியாகவும் மூச்சு விடும், அதற்குத் தோல் ஈரமாக இருந்தே ஆக வேண்டும், தண்ணீரையும் வாயால் குடிக்காமல் தோலாலேயே உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்துபோனால்தான் அதற்கு ஆபத்து. அவள் உடனே தன் உள்ளங்கையைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, குடிக்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புத்தகம் பார்த்தபின் நிஜக் குளத்துக்குக் கூட்டிப்போக வேண்டுமா?

முடிந்தால் போங்கள், புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு. ஆனால் பத்து விலங்கையும் பார்த்துவிட வேண்டும் என்று போகாதீர்கள். ஒன்றைப் பார்த்தால் அன்றைக்குப் போதும். தண்ணீர் ஓரத்தில் குழந்தை எப்போதும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். எதையும் கையில் எடுக்க வேண்டாம், திரும்பியதும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். போக முடியவில்லையா, மழைக்குப்பின் தேங்கிய குட்டையில் கொசுப் புழு நெளிவதைக் காட்டுங்கள், அதுவும் மீனுக்கும் தும்பியின் இளம்பூச்சிக்கும் சாப்பாடு.

தலைப்பிரட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கலாமா?

நான் செய்ய மாட்டேன். பெரும்பாலும் செத்துப்போகும். பிழைத்ததை வேறொரு குளத்தில் விட்டால் தண்ணீரோடு நோயும் போகும். தவளை இனங்களைத் தாக்கும் தோல் பூஞ்சை நோய் ஒன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. பல இடங்களில் பிடிப்பதே சட்டப்படி குற்றம்.

இரவு படுக்கும்போது படிக்கலாமா?

படிக்கலாம். ஆமை, நத்தை, ஒற்றைக் காலில் தூங்கும் பறவை எல்லாம் தூக்கத்துக்கு நல்ல துணை. தவளை கத்தும் பக்கத்தை மட்டும் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விளக்கை அணைத்தபின் அரை மணி நேரம் கட்டிலிலிருந்து பதில் சத்தம் வந்துகொண்டே இருக்கும்.